ஹோர்ன் அடித்தால் இறங்க வேண்டியவர்கள்

ஹலோ... ஹலோ... ஓம், தருமபுரம் சங்கக்கடைதான்... ஓம், மருத்துவிச்சிதான் கதைக்கிறன். இராசமலர்... கடை மனேச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டவர், பரந்தனிலையிருந்து கோல் வந்து நிக்குது, கெதியா வாங்கோ எண்டு. கொஞ்சம் பொறுங்கோ, மூச்சு வாங்குது... சைக்கிளிலைதான் வந்தனான். வேறை எதிலை வாறது...

ஆர் கதைக்கிறது... ஓ. மினிபஸ் முதலாளியோ. கதிர்காமநாதன் அண்ணை. சொல்லுங்கோ... நான் சுகமாயிருக்கிறன். நீங்கள்... சுகமில்லையோ. ஏன், என்ன செய்யுது...

ஓம்... ஓம்... ஓம், ஓம்... அண்ணை, கத்தாதேங்கோ. நீங்கள் உப்பிடிக் கத்தினால் ரெலிபோன் தேவையில்லை. ஏழு மைல்தானே, நேரையே கேக்கும்.

விளங்குது... வடிவா விளங்குது. உங்கட பஸ் மூண்டு நாளாப் பரந்தன் சந்திக்கு நேரத்துக்கு வரேல்லை. காலமை ஆறரைக்கு விசுவமடுவிலை வெளிக்கிடுற பஸ்... இண்டைக்கு எத்தினை மணிக்கு வந்து சேந்தது... ஒன்பதே முக்காலுக்கோ. நேற்று ஒன்பதெல்லோ. அப்ப முக்கால் மணித்தியாலம் பிந்தியிருக்கு. இண்டைக்குச் சைக்கிள் கொஞ்சம் கூட, அதாலை இருக்கும்.

அறுபத்திமூண்டு. நான் எண்ணேல்லை, எங்கட கணக்கு வாத்தியார் எண்ணினவர். அவரும் சைக்கிளிலைதான் வந்தவர்.

இல்லை அண்ணை. மறிக்கேல்லை. ஆர் சொன்னது மறிச்சதெண்டு... மறிக்கிறதெண்டால் குறுக்கை நிக்கவேணும். நாங்கள் ஒருத்தரும் நிக்கேல்லை. போனனாங்கள். மெதுவாப் போனனாங்கள். மெதுவாப் போறது குற்றமெண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு... அப்பிடியெண்டால் மாட்டு வண்டிலைப் பிடிக்கவேணும் முதல்லை.

வழி விடேல்லையோ... ஆருக்கு விடேல்லை. நெல்லு லொறி வந்தது, விட்டனாங்கள். அரசாங்க பஸ் வந்தது, எல்லாரும் கரைக்கு இறங்கி நிண்டு விட்டனாங்கள். டிறைவர் கை காட்டிப்போட்டுப் போனவர், நல்ல மனுசன். கோழி ஏத்தின வான் ஒண்டு வந்தது, அதுக்கும் விட்டனாங்கள்... ஓம். உங்கட பஸ்ஸுக்கு மட்டும்தான் விடேல்லை. அதை நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள்.

உங்கட டிறைவர் ஹோர்ன் அடிச்சவன்தான். ஆர் இல்லையெண்டது. பரந்தன் வரைக்கும் அடிச்சுக்கொண்டு வந்தவன். நாங்கள் மரியாதை தெரியாத ஆக்களோ... ஒவ்வொரு ஹோர்னுக்கும் எல்லாரும் பெல் அடிச்சுப் பதில் சொன்னனாங்கள். அறுபத்திமூண்டு பெல். திருவிழா மாதிரி இருந்தது. ஒருத்தரின்ர சைக்கிளிலை பெல் இல்லை, அவர் வாயாலை அடிச்சவர்.

சனமோ... ஓம், இறங்கிப் போட்டினம். ஏலாதெண்டு இறங்கி, எங்கட சைக்கிள் கரியரிலை ஏறிக்கொண்டு வந்தவை. ஒரு மனுசி சொன்னவா, இது உங்கட பஸ்ஸை விடக் கெதி எண்டு. நான் சொல்லேல்லை அண்ணை, அந்த மனுசி சொன்னது.

சிரிக்கேல்லை... இல்லை, இது சிரிப்பில்லை, இருமல்.

முறைப்பாடு எழுதப் போறியளோ. ஆருக்கு... என்ர பெரிய டொக்டருக்கோ. எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ. அரசாங்க மருத்துவிச்சி அரசாங்கச் சைக்கிளிலை, அரசாங்க றோட்டிலை, இடக்கைப் பக்கமா, வேலைக்குப் போனவா எண்டு எழுதுங்கோ. கையெழுத்தும் வைச்சு அனுப்புங்கோ. நான் ஒரு பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டு வைக்கிறன்.

என்ன விசயமோ... என்னத்துக்கு இப்பிடிச் செய்யிறமோ... அண்ணை, மெய்யா உங்களுக்குத் தெரியாதோ. போன வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ... தவராசா சொன்னவனோ. உங்கட டிறைவர் தவராசா. என்ன சொன்னவன்...

தட்டுப்பட்டதோ. 'ஒரு சைக்கிள்காரன் பஸ்ஸிலை தட்டுப்பட்டான்.' ஓம், நல்லாச் சொல்லியிருக்கிறான். பஸ் அதின்ர பாட்டிலை நிண்டிருக்கு, பழனியாண்டி ஓடிவந்து தட்டியிருக்கிறான்.

நான் சொல்லட்டோ... இல்லை, கேக்கத்தான் வேணும். நீங்கள்தானே கோல் எடுத்தனீங்கள்.

பழனியாண்டியை உங்களுக்குத் தெரியாது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலையிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்து இஞ்சை காடு வெட்டிக் குடியிருக்கிற சனத்திலை ஒருத்தன். ரெண்டு ஏக்கர் வயல், ஒரு சைக்கிள், பெண்சாதி சுப்பம்மா, ரெண்டு பிள்ளையள். வியாழக்கிழமை விடிய சுப்பம்மாவுக்கு நோ கண்டிட்டுது. மூண்டாவது பிள்ளை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்ர வீட்டை வந்து, மிஸி, உடன வாங்க, போன முறை மாதிரி இல்லை எண்டான். நான் பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான். அவன் முன்னாலை, நான் பின்னாலை. ஏழு மணி இருக்கும். நல்ல வெளிச்சம்.

ஓரத்தாலைதான் போனனாங்கள்... அண்ணை, நீங்கள் ஓடேல்லை, நான் ஓடினனான். தார் எவ்வளவு அகலம் உங்களுக்குத் தெரியும். ஒரு பஸ் போனால் பிறகு ஒண்டும் போகேலாது. நாங்கள் தாரின்ர கரையிலை போறம். பின்னாலை ஹோர்ன் கேக்குது. ஒருக்கா இல்லை, கையை எடுக்காமல் அடிக்கிறான். சரி, இறங்குவம் எண்டு பாத்தால் மதகடி. மதகிலை எங்கை இறங்குறது, தண்ணிக்குள்ளையோ... ஓம், கடைசியா அங்கைதான் இறங்கினது.

பஸ்ஸின்ர பக்கம் என்ர முழங்கையிலை உரசிக்கொண்டு போனது. நான் கரையாலை சரிஞ்சு விழுந்திட்டன். எழும்பிப் பாத்தால் பஸ்ஸின்ர பின் கண்ணாடி தெரியுது, 'முருகன் துணை' எண்டு பெரிய எழுத்திலை. முருகன் உங்கட பஸ்ஸுக்குத் துணை அண்ணை. எங்களுக்குத் துணைக்கு ஒருத்தரும் நிக்கேல்லை. பழனியாண்டி மதகிலையிருந்து கீழை, கல்லுக்கு மேலை. சைக்கிள் அவனுக்கு மேலை.

பஸ் நிண்டதோ... நிண்டால் நான் ஏன் இவ்வளவு கதைக்கிறன். கிளீனர் இல்லை, டிறைவர்தான், யன்னலாலை தலையை வெளியிலை விட்டு ஒரு வார்த்தை சொன்னவன். பேந்து போயிட்டான்.

என்ன வார்த்தையோ... 'தோட்டக்காட்டு நாயே, றோட்டு உன்ர அப்பன்ர தோட்டமோ.'

ஓம், அதுதான் சொன்னவன்.

'கோவத்திலை சொல்லியிருப்பான்.' ஓம். ஆர் கோவப்படவேண்டியது எண்டு பாருங்கோவன். விழுந்தவனுக்குக் கோவம் வரேல்லை, விழுத்தினவனுக்கு வந்திட்டுது.

என்ன சொன்னனீங்கள்... இன்னொருக்காச் சொல்லுங்கோ... 'அந்த ஆக்களுக்கு றோட்டிலை ஓடத் தெரியாது.' எந்த ஆக்கள் அண்ணை. உங்கட முரசுமோட்டை வயலிலை போன மாசம் நெல்லு அருவி வெட்டினது எந்த ஆக்கள். உங்கட வீட்டுக் கிணறு வெட்டினது எந்த ஆக்கள். அவையளுக்கு வெட்டத் தெரியும், கட்டத் தெரியும், சுமக்கத் தெரியும், சைக்கிள் ஓட மட்டும் தெரியாதோ... நான் யாழ்ப்பாணத்தாள்தான் அண்ணை, நீங்களும்தான். அதை வைச்சுக்கொண்டு என்னோடை கதைக்காதேங்கோ. நானும் அவனோடை சேந்துதான் மதகடியிலை விழுந்தனான். விழேக்கை ஊர் பாத்து விழுத்தேல்லை உங்கட பஸ்.

சரி. கேளுங்கோ மிச்சத்தை. அவனுக்கு ஒரு பக்கம் தோள் எலும்பும் மற்றக் கையிலை மணிக்கட்டும் முறிஞ்சு போச்சு. எது எது எண்டு எனக்கு அப்ப தெரியாது. ஆனால் கையைப் பாத்த உடனயே முறிவெண்டு விளங்கிட்டுது. அவன் சொல்லுறான், மிஸி, நீங்க போங்க, என்னயப் பாக்காதீங்க, அவளப் பாருங்க எண்டு. நான் என்ன செய்ய... சொல்லுங்கோ, நீங்கள் என்ன செய்வியள்... தெருவாலை வந்த ரெண்டு பேரிட்டை அவனை விட்டுட்டு நான் ஓடினனான். என்ர சைக்கிள் சில்லு எட்டுப் போலை வளைஞ்சு கிடக்கு. ரெண்டு மைல், நடையும் ஓட்டமும். வெள்ளைச் சீலை முழுக்கச் சேறு. பைக்குள்ளை தண்ணி போய், கத்தரிக்கோல், நூல், பஞ்சு, எல்லாம் ஊறிப்போச்சு.

நான் போகேக்கை பிள்ளை அரைவாசி வந்திட்டுது. கொடி கழுத்திலை சுத்திக் கிடக்கு. பக்கத்து வீட்டு மனுசி அழுதுகொண்டு நிக்கிறா, தொடப் பயம். பிள்ளை நீலம்... ஓம், நீலம். நான் அதை எடுத்த பிறகும் அழேல்லை. தட்டினன், வாயைத் துடைச்சன், ஊதினன். எவ்வளவு நேரமெண்டு எனக்குத் தெரியாது அண்ணை. இருவத்திரண்டு வருசமா இந்த வேலை செய்யிறன், அண்டைக்குத்தான் நேரம் பாக்க மறந்தனான்.

... பேந்து அழுதது. மெல்லமா. பூனைக்குட்டி மாதிரி.

ஓம். இருக்குது. பெட்டைப் பிள்ளை. ஆறு றாத்தல்.

பழனியாண்டியோ... அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை ஏத்தினவை. அவன் போகமாட்டன் எண்டு நிண்டு, வீட்டை வந்து பிள்ளையைப் பாத்துட்டுத்தான் போனவன். ஒரு கையைத் துவாயாலை கட்டியிருக்கு, மற்றக் கை தோளாலை தூக்கேலாது. நான் பிள்ளையை நீட்டுறன், அவனுக்கு வாங்கக் கை இல்லை. குனிஞ்சு கன்னத்தாலை பிள்ளையின்ர தலையைத் தொட்டுப்போட்டுப் போனவன்.



ஹலோ... ஓம் தம்பி, எக்ஸ்சேஞ்சோ... கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறம். வெட்டாதேங்கோ. முதலாளிக்கு இன்னும் கனக்கக் கதைக்க இருக்கு... நன்றி தம்பி.

பொலிசோ... போனனான் அண்ணை, அண்டைக்குப் பின்னேரமே போனனான். அவை முதல் கேட்டது என்ன தெரியுமோ, பஸ்ஸின்ர நம்பர் என்ன எண்டு. நான் சொன்னன், ஐயா, நான் கரைக்குக் கீழை கிடந்தனான், அங்கையிருந்து பாக்க நம்பர் தெரியேல்லை, முருகன் மட்டும்தான் தெரிஞ்சவர் எண்டு. பேந்து கேட்டினம், சைக்கிளுக்கு லைற் இருந்ததோ எண்டு. காலமை ஏழு மணிக்கு. இருந்தது ஐயா, சூரியன் எண்டன். அதை எழுதேல்லை. பேந்து, சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்டினதோ எண்டு கேட்டினம். விட்டால் பஸ்ஸிலை மோதினதுக்குப் பழனியாண்டியை உள்ளுக்குப் போட்டிருப்பினம்.

பேந்து என்ன. இஞ்சை இளந்தாரியள் கல்லெடுத்திட்டாங்கள். வெள்ளிக்கிழமை காலமை மதகடியிலை குவிச்சு வைச்சிருக்கிறாங்கள்... ஓம், உங்கட பஸ்ஸுக்குத்தான். நான்தான் போய் நிப்பாட்டினது. ஏனோ... உங்கட கண்ணாடியிலை எனக்குப் பாசமில்லை அண்ணை, உள்ளுக்கு இருக்கிறது எங்கட சனம். மரக்கறி கொண்டுபோற மனுசியள். கல்லுக்கு எது டிறைவர், எது சனம் எண்டு தெரியாது. வேறை ஒருத்தன் சொன்னான், டிறைவரை இறக்கி நாலு சாத்துவம் எண்டு. சாத்தினால் அவன் அடுத்த கிழமை இன்னும் வேகமா ஓடுவான், கூட நாலு பேரையும் ஏத்திக்கொண்டு வருவான். பேந்து ஆர் ஆருக்குக் கட்டுப் போடுறது... நான்தான் போடவேணும்.

அதாலைதான் யோசிச்சு, பஸ்ஸுக்கு முன்னாலை சும்மா சைக்கிள் ஓடுவம் எண்டனாங்கள். அவ்வளவுதான். ஒருத்தரையும் தொடாமல், ஒரு சொல்லுப் பேசாமல். நான் முன்னுக்கு. முதல் நாள் பதினொரு பேர்தான் வந்தவை...

ஆ... நீங்கள் சொல்லுங்கோ. ஓம்... ஓம்... சைக்கிள்காரர் எப்பிடி நடக்கவேணும் எண்டோ. நல்லது. அதைத்தான் நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறம். கொஞ்சம் பொறுங்கோ... மனேச்சர், ஒரு கடதாசியும் பென்சிலும் தாங்கோ. முதலாளி சொல்லப் போறார்... சொல்லுங்கோ அண்ணை, எழுதுறன்.

'ஹோர்ன் கேட்டால் உடன தெருவை விட்டு இறங்கவேணும்.' ஓம், எழுதிட்டன். இறங்க இடமில்லாட்டி... இறங்கவேணும். சரி. தண்ணி எண்டாலும் இறங்கவேணும். மேலை.

'பின்னாலை திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு ஓடவேணும்.' ஓம்... அப்ப முன்னாலை ஆர் பாக்கிறது அண்ணை... சரி, சரி, எழுதுறன். முன்னாலை கடவுள் பாப்பார்.

'பஸ் ஓடுற நேரத்திலை ஓடக்கூடாது.' அது நல்லது. பிள்ளையளிட்டையும் சொல்லிவிடுறன், உங்கட பஸ் போனாப் பிறகு பிறக்கச் சொல்லி.

வேறை... அவ்வளவுந்தானோ. பஸ்காரர் எப்பிடி நடக்கவேணும் எண்டு ஒண்டும் இல்லையோ. ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கு கடதாசி.

கோவிக்காதேங்கோ. நான் உங்களை நக்கலடிக்கேல்லை... ஓம், அடிக்கிறன்தான். ஆனால் எழுதினது எல்லாம் நீங்கள் சொன்னது.

என்ன... அவன் நடுறோட்டாலை வந்தவனெண்டு சொல்லுறானோ. ஆர், தவராசாவோ. எப்ப சொன்னவன்... இப்பவோ. பக்கத்திலையோ நிக்கிறான்... அண்ணை, அவனிட்டைக் குடுங்கோ ரெலிபோனை... இல்லை, பேசமாட்டன். குடுங்கோ. ரெண்டு சொல்லுத்தான்.

... ... ஹலோ. தவராசாவோ... நான் இராசமலர் மிஸி கதைக்கிறன்... ஓம். சுகமா இருக்கிறன். முழங்கையிலை மட்டும் தோல் போனது.

தம்பி, நான் உன்னைப் பேசக் கூப்பிடேல்லை. ஒண்டு கேக்கிறன், ஓம் இல்லை எண்டு சொல்லு. முதலாளி பக்கத்திலை நிண்டாலும் பரவாயில்லை. நாங்கள் நடுறோட்டாலையோ வந்தனாங்கள்...

...

கேக்கேல்லை. சத்தமாச் சொல்லு... இல்லையோ. சரி.

கண்ணாடியிலை பாத்தனியோ... பாத்தனி. என்ன கண்டனி... ஓம்... ஓம்... வெள்ளைச் சீலை விழுந்ததைக் கண்டனி. அப்ப நான்தான் எண்டு தெரியும் உனக்கு. உன்ர மூத்தவள் பிறக்கேக்கை நான் எதிலையடா வந்தனான். மாரி மழைக்குள்ளை, ஒரு கையிலை குடை, ஒரு கையிலை ஹாண்டில். நீ படலையடியிலை லாம்போடை நிண்டு அழுதுகொண்டிருந்தனி. அண்டைக்கு ஒரு பஸ் வந்து என்னைத் தள்ளியிருந்தால்...

அழாதை. நான் அதுக்குச் சொல்லேல்லை.

ஏன் நிப்பாட்டேல்லை... சொல்லு, நான் கேக்கிறன்... ஓம்... ஆர் பின்னாலை... மற்றப் பஸ்ஸோ. விசுவமடு மற்ற முதலாளியின்ர பஸ்... ஓம்... அது முன்னுக்குப் போனால் சந்தியிலை நிக்கிற சனம் எல்லாம் அதிலை ஏறிடும்... ஓம்... கால் பிறேக்குக்குப் போனதோ... போய்த் திரும்பி வந்ததோ...

மணிக்கூடோ. என்ன மணிக்கூடு...

ஆர் அதைப் பாத்துக்கொண்டு சந்தியிலை நிக்கிறது... ஓ, முதலாளியோ... ஓம்... ஒரு நிமிசம் பிந்தினாலும்... ஓம். பஸ் திறப்பை வாங்கிப்போட்டு வேறை டிறைவரைப் போடுவன் எண்டு... ஒவ்வொரு நாளுமோ. எத்தினை மாசமா... ஓம்... ஓம். விளங்குது தம்பி.

அது சரி. அது பஸ்ஸுக்கு. அந்த வார்த்தையும் முதலாளியோ சொல்லச் சொன்னவர்...

...

இல்லையோ. அப்ப அது உன்ர. அதை வேறை ஒருத்தரிலையும் போடேலாது.

ஆருக்கு நீ மன்னிப்புக் கேக்கிறாய். எனக்கு வேண்டாம். நீ என்னைச் சொல்லேல்லையே. அவனுக்குச் சொன்னனி, அவனிட்டைப் போய்ச் சொல்லு... வீட்டை வந்திட்டான், ஓம், ரெண்டு கையிலையும் கட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறான். வயல் விளைஞ்சு நிக்குது, பாத்துக்கொண்டிருக்கிறான்... பயப்படாதை. அவன் அடிக்கமாட்டான். அடிக்க அவனுக்குக் கை இல்லை.

ஓம், பெட்டைப் பிள்ளை. நல்லாயிருக்கு... இல்லை, இன்னும் பேர் வைக்கேல்லை.

முதலாளியிட்டைக் குடு. குடு தம்பி.

... ... ஹலோ. அண்ணை, கேட்டனீங்களோ. பக்கத்திலை நிண்டு கேட்டிருப்பியள். சந்தியிலை மணிக்கூட்டோடை நிக்கிறது நீங்களோ... இல்லை, சும்மா கேட்டனான். நாங்கள் மூண்டு நாளா ஒரு பிழை விட்டிருக்கிறம். பிழையான ஆளை மெதுவாக்கிக்கொண்டு இருந்திருக்கிறம். அவன் ஸ்ரியறிங்கைத்தான் பிடிச்சிருக்கிறான். ஓடினது நீங்கள்.

தொழிலோ... ஓம், தொழில்தான். எனக்கும் தொழில்தான். என்ர தொழிலிலையும் நேரம் முக்கியம். ஒரு நிமிசம் பிந்தினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்கு இப்ப சொன்னனான்.

என்ன செய்யவேணுமோ... நான் சொன்னால் செய்வியளோ. சந்தியிலை நிக்கிறதெண்டால் நில்லுங்கோ, மணிக்கூட்டைக் கழட்டி வீட்டை வைச்சிட்டு நில்லுங்கோ. மற்றப் பஸ் முதலாளியோடை கதைச்சு, அவர் ஒரு நேரம், நீங்கள் ஒரு நேரம் எண்டு பிரிச்சு எடுங்கோ. சனம் ரெண்டு பஸ்ஸுக்கும் காணும். பேந்து, பழனியாண்டி வீட்டை வரவேணும். நீங்களும்தான். வாசலிலை நிண்டு சரி சரி எண்டிட்டுப் போறதில்லை. உள்ளுக்கு வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சு... ஓம், அந்த வீட்டிலைதான்.

குடிக்கமாட்டியளோ... ஏன் அண்ணை. சீனி கூடவோ.

சரி. அப்ப நாளைக்கும் ஓடுறம். நாளைக்கு முரசுமோட்டைப் பக்கமிருந்தும் ஆக்கள் வருகினமாம், எனக்கு எண்ணிக்கை தெரியேல்லை. வாத்தியார்தான் எண்ணவேணும்...

ஆரை வேலையாலை நிப்பாட்டப் போறியள்... தவராசாவையோ. அவன் உண்மை சொன்னதுக்கோ... நிப்பாட்டுங்கோ. நாளைக்கு ஆர் ஓடுறது. நீங்களோ... நல்லது. நீங்களே ஓடிக்கொண்டு வாங்கோ, அறுபத்திமூண்டு பேரின்ர முதுகைப் பாத்துக்கொண்டு. ஏழு மைல். கதைச்சுக்கொண்டே வரலாம்.

ஹலோ... அண்ணை, என்ன சத்தம் அங்கை... மேசையிலை என்ன விழுந்தது... ஆரோடை கத்துறியள்... ஹலோ... ஹலோ...

ஓம், இருக்கிறன். என்ன நடந்தது... பஸ் திறப்பையோ. அவனோ எறிஞ்சவன்... எறியேல்லை, வைச்சிட்டுப் போறானோ. எங்கை போறான்... கூப்பிட்டுப் பாருங்கோவன்... ஓம்... நிக்கேல்லையோ. பஸ் நிக்குதோ... பஸ் நிக்குது. அப்ப எதிலை போறான்...

ஆரின்ர சைக்கிள். உங்கட கிளாக்கரின்ர சைக்கிளோ... எந்தப் பக்கம் திரும்பினவன்... பாருங்கோ, யன்னலாலை பாருங்கோ... இஞ்சாலையோ. முல்லைத்தீவு றோட்டாலையோ... வடிவாத் தெரியுமோ...

ஓம். அப்ப இஞ்சைதான் வாறான்.

அண்ணை, நான் வைக்கிறன்... இல்லை, பேந்து கதைப்பம். இஞ்சை சனம் கொதிச்சுக்கொண்டு நிக்குது, அவன் தனிய வாறான். என்ன சொல்ல வாறானெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, முகம் மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். நான் முன்னுக்குப் போய் அவனோடை சேந்து வரவேணும்... ஓம், சைக்கிளிலைதான். மனேச்சரின்ரயை வாங்கிக்கொண்டு போறன், என்ரயிலை சில்லு இன்னும் ஆடுது.

என்ன... 'என்ர டிறைவரை நீங்கள் ஏன் காப்பாத்தவேணும்' எண்டோ...

அவன் இப்ப டிறைவர் இல்லையே அண்ணை. சைக்கிள்காரன். எங்கட ஆள்.

வைக்கிறன்.